தகட்டுப் பட்டறையும் கித்தாரும்

2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5-ஆம் நாள், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரிலுள்ள வில்லா பார்க் என்னும் காற்பந்துத் திடல் நிரம்பி வழிந்தது. அன்று அங்குப் பந்தாட்டம் எதுவும் இல்லை. ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் நண்பகல் தொடங்கி இரவு வரை அமர்ந்திருந்தனர். பிற இசைக் குழுக்கள் பல வந்து வாசித்துச் சென்றன. ஆயினும் எல்லாரும் எதிர்பார்த்திருந்தது இரவின் இறுதியில் மேடையேறவிருந்த நான்கு முதியவர்களையே. அவர்கள் வாசித்தவை நான்கே பாட்டுகள். நால்வரில் பாடகர் நிற்க இயலாமல் ஓர் ஆசனத்தில் அமர்ந்தே பாடினார். அவருக்கு அருகில் நின்று கித்தார் வாசித்த 77 வயது மனிதரின் வலக்கையில் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நுனி கிடையாது.

அவர் பெயர் டோனி அயோமி. ‘பிளாக் சபாத்’ என்னும் குழுவின் கித்தார்க் கலைஞர். மேல்நாட்டு மெல்லிசையில் ‘ஹெவி மெட்டல்’ என்று ஒரு பிரிவு உண்டு. ‘கன உலோகம்’ என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். அப்பிரிவுக்கு முதற்கல் நாட்டியவர்களுள் முதன்மையானவர் அயோமி என்பதில் இசை வரலாற்றாசிரியர்களிடையே பெரும்பாலும் கருத்து வேற்றுமை இல்லை. நம் ஆசிரியப் பெருமக்களிற் பலர் இவ்விசையை மாணவர்களின் காதொலிக் கருவிகளிலிருந்து கசியும் இரைச்சலாகவே அறிந்திருப்பர். இக்கட்டுரையாளரும் அவ்வாறே நெடுநாள் எண்ணியிருந்தவர்தாம். அந்த இரைச்சலுக்குள்ளே ஓர் ஒழுங்கு உண்டு. அவ்வொழுங்குக்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தின் ஒரு பகுதி ஒரு தொழிலாளியின் கையில் இருக்கிறது. அதைச் சற்று விளக்குவதே ஈண்டு நம் நோக்கம்.

பர்மிங்ஹாம் உலோகத்தால் வளர்ந்த ஊர். ஆணி, பொத்தான், பேனா முள் முதலாகத் துப்பாக்கி, மோட்டார் வண்டி வரை அங்குச் செய்யப்படாத உலோகப் பொருள் குறைவு. அதனாலேயே இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்கள் அந்நகர்மீது கடுமையாகக் குண்டு பொழிந்தன. பிளாக் சபாத் குழுவினர் நால்வரும் போர் முடிந்த சில ஆண்டுகளில், 1948-இலும் 1949-இலும், அந்நகரில் பிறந்தவர்கள். இடிந்த வீடுகளுக்கிடையே விளையாடி வளர்ந்தவர்கள். நால்வருக்கும் தொழிற்கூடமே தலைவிதியாக முன்னே நின்றது. பாடகர் ஓஸி ஓஸ்போர்ன் மோட்டார் ஹாரன்களைச் சுருதி பார்க்கும் வேலையும், ஆடுமாடு அறுக்கும் கூடத்தில் வேலையும் பார்த்தவர். தாழ்சுரக் கித்தார் வாசித்த கீஸர் பட்லர் கணக்கு வேலை பழகியவர். பில் வார்டு தாளக் கருவிக்காரர். அயோமி இத்தாலிய வழிவந்த குடும்பத்தின் ஒரே பிள்ளை. தகட்டுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்தார்.

அயோமி இடக்கைப் பழக்கமுடையவர். கித்தாரில் வழக்கமாக வலக்கை தந்தியை மீட்டும். இடக்கை மெட்டுகளின்மேல் தந்தியை அழுத்தும். இடக்கையருக்கு இது தலைகீழ். ஆகவே அயோமிக்கு மெட்டுகளை அழுத்தும் கை வலக்கை. இச்செய்தியை வாசகர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். மீட்டும் கையில் விரல் நுனி போனால் எப்படியோ சமாளிக்கலாம். மெட்டழுத்தும் கையில் போனால் சுரமே போய்விடும்.

1965-ஆம் ஆண்டு. அயோமிக்கு வயது 17. ஒரு குழுவுடன் ஐரோப்பாவுக்குச் சென்று வாசிக்க வாய்ப்பு வந்தது. பட்டறை வேலையை விட்டுவிட முடிவு செய்தார். அன்றுதான் வேலையின் கடைசி நாள். நண்பகல் உணவுக்கு வீட்டுக்கு வந்தவர், திரும்பிப் போக விருப்பமில்லை என்றாராம். எடுத்த வேலையை முறையாக முடித்துவிட்டு வா என்று தாயார் அனுப்பி வைத்தார். அன்று தகடு அழுத்தும் எந்திரத்தில் வழக்கமாக வேலை செய்யும் பெண் வரவில்லை. பழக்கமில்லாத அயோமியை அதில் நிறுத்தினார்கள். எந்திரம் இறங்கியது. கையை வெடுக்கென்று இழுத்தபோது நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளும் உடன்வரவில்லை. தாம் 2011-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இதை அவரே விரிவாகச் சொல்லியிருக்கிறார். தாய் சொல்லைத் தட்டாமல் போனதால் வந்த கேடு என்று அதைப் படிக்கும் எவருக்கும் ஒரு கணம் தோன்றும். ஆயினும் அந்தத் தாயின்மேல் அவர் குறையொன்றும் சொல்லவில்லை.

இனிக் கித்தார் வாசிக்க இயலாது என்று மருத்துவர்கள் கூறிவிட்டனர். வீட்டில் மனமுடைந்து கிடந்த இளைஞரைப் பார்க்கப் பட்டறையின் மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டுடன் வந்தார். அதைக் கேள் என்றார். கேட்கும் மனநிலையில் அயோமி இல்லை. வற்புறுத்தியபின் கேட்டார். நன்றாக வாசிக்கிறார் என்றார். அந்த மனிதர் இரண்டே விரல்களால் வாசிக்கிறார் என்றார் மேற்பார்வையாளர். இசைத்தட்டில் இருந்தவர் ஜாங்கோ ராய்னார்ட். பெல்ஜியத்தில் பிறந்து பிரான்சில் புகழ் பெற்ற நாடோடி இனத்துக் கித்தார் மேதை. 1928-இல் அவர் வாழ்ந்த வண்டியில் தீப்பிடித்து இடக்கையின் இரு விரல்கள் சுருங்கிப் பயனற்றுப் போயின. எஞ்சிய விரல்களால் மெட்டு வேலை அனைத்தையும் செய்தார். அந்த மேற்பார்வையாளர் இசை அறிஞர் அல்லர், பட்டறைக்காரர். உலகில் எத்தனையோ நூல்கள் செய்யமுடியாத ஓர் உதவியை அவர் ஓர் இசைத்தட்டால் செய்தார்.

கித்தாரைத் திருப்பிப் பிடித்து, மற்றவர்களைப் போல இடக்கையால் அழுத்திப் பழகலாமே என்று தோன்றும். அயோமியும் அதை எண்ணிப் பார்த்தார். சில ஆண்டுகள் பழகிய கையை விட்டுப் புதுக்கையில் முதலிலிருந்து தொடங்கப் பொறுமை இல்லாமல் விட்டுவிட்டார். பிற்காலத்தில், அன்று அதைச் செய்திருக்கலாம் என்றும் எண்ணியதுண்டு. அதற்கு மாறாக அவர் செய்தது பட்டறைக்காரன் செய்யும் காரியம். பாத்திரம் கழுவும் சோப்பு நீர் அடைத்து வந்த பிளாஸ்டிக் புட்டியை உருக்கி உருண்டையாக்கினார். சூட்டுக்கோலால் அதில் துளையிட்டார். விரல் நுழையும் அளவுக்குக் குடைந்து, தையற்காரர் விரலில் மாட்டும் கூடுபோல உப்புத்தாளால் தேய்த்து உருவாக்கினார். பிளாஸ்டிக் தந்திமேல் வழுக்கியது. ஆகவே ஒரு பழைய தோற்சட்டையிலிருந்து சிறு துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டினார். எத்தனையோ பொருள்களைச் சோதித்தபின் அத்தோலே தந்தியைப் பற்றியது. இவ்வாறு இரண்டு செயற்கை நுனிகள் கிடைத்தன.

ஆயினும் ஒரு குறை தீரவில்லை. அந்நுனிகளுக்கு உணர்ச்சி இல்லை. தந்தியை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது விரலுக்குத் தெரியாது. காதால் கேட்டே கணிக்கவேண்டும். தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை உயர்த்துவது கித்தாரிலும் உண்டு, வீணையிலும் உண்டு. அதற்கு வலுவும் வேண்டும், தொடு உணர்வும் வேண்டும். அக்காலத்துக் கித்தார்த் தந்திகளோ தடித்தவை. ஆகவே அவர் தந்தியின்மேல் கைவைத்தார்.

இவ்விடத்தில் சிறிது இயற்பியல் வேண்டியிருக்கிறது. ஒரு தந்தியின் சுருதி மூன்றைப் பொறுத்தது: நீளம், கனம், இழுவிசை. வீணைக்கோ தம்புராவுக்கோ தந்தி பூட்டிய எவரும் இதைச் சூத்திரம் இல்லாமலே அறிவர். நீளம் கித்தாரின் உடலோடு அமைந்துவிட்டது, மாற்றமுடியாது. எனவே மிஞ்சுவன இரண்டு. முதலாவது, தந்தியை மெல்லியதாக்குவது. ஒரே உலோகத்தில், ஒரே சுருதியில், 10 பங்கு தடிப்புள்ள தந்திக்குப் பதிலாக 8 பங்கு தடிப்புள்ளதைப் பூட்டினால் இழுவிசை 100-லிருந்து 64-ஆக இறங்கிவிடும். ஏனெனில் கனம் தடிப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இளகிவிடுகிறது. மெல்லிய கித்தார்த் தந்திகள் அன்று கடையில் கிடைக்கவில்லை. அயோமி பாஞ்சோ என்னும் வேறொரு கருவியின் தந்திகளை வாங்கி மேற்சுரத் தந்திகளாகப் பூட்டினார். கித்தார்த் தந்திகளை ஒவ்வொரு படி இறக்கி மற்ற இடங்களில் பூட்டினார். இன்று மெல்லிய தந்திகள் எல்லா இசைக்கருவிக் கடைகளிலும் கிடைக்கின்றன. அன்று இது ஒரு தனிமனிதனின் தந்திரம்.

இரண்டாவது வழி, சுருதியையே தாழ்த்துவது. இதை அவர் சில ஆண்டுகள் கழித்தே கையாண்டார். 1971-இல் வெளிவந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ என்னும் மூன்றாம் இசைத்தட்டில் சில பாட்டுகளுக்குக் கித்தாரை மூன்று சுரத்தானங்கள் இறக்கிச் சுருதி சேர்த்தார். கித்தாரின் தடித்த தந்தி வழக்கமாக நொடிக்கு 82 முறை அதிரும். மூன்று சுரத்தானம் இறக்கினால் 69 முறை அதிரும். அதிர்வெண் 84 விழுக்காடாகக் குறைய, இழுவிசையோ 71 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது. விரலுக்கு நோவு குறைந்தது. அதே வேளையில் ஒலி ஆழமாயிற்று. தந்தி தளர்ந்ததால் ஒவ்வொரு மீட்டும் சற்று நெளிந்து உறுமியது. கைக்காகச் செய்தது காதுக்குப் புதுமையாய் அமைந்தது. அதன்பின் வந்த கன உலோகக் குழுக்கள், பத்து விரல்களும் நலமாய் உள்ளவை, தாமும் சுருதியைத் தாழ்த்திக்கொண்டன.

இங்கே ஓர் எச்சரிக்கை. விபத்து நேர்ந்தது, ஆகவே இவ்விசை பிறந்தது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. அது முழு உண்மையன்று. முதல் இரண்டு இசைத்தட்டுகளும் வழக்கமான சுருதியிலேயே அமைந்தவை. அவற்றிலேயே அந்தப் பாரம் முழுமையாய் இருக்கிறது. தகடு அழுத்தும் எந்திரங்களில் விரலிழந்தவர்கள் பர்மிங்ஹாமில் ஒருவர் இருவர் அல்லர். அவர்களுள் எவரும் புதிய இசை செய்யவில்லை. விபத்து வழியை அடைத்தது. வேறு வழி கண்டது அம்மனிதரின் காதும் பிடிவாதமும்.

அப்படியானால் அந்தப் பாரம் எதிலிருந்து வந்தது? இரண்டு செய்திகளைச் சொல்லலாம். முதலாவது குரல், இளி ஆகிய இரண்டு சுரங்களைப் பற்றியது. சட்சத்தையும் பஞ்சமத்தையும் நம் பண்டை இசை நூலோர் வழங்கிய பெயர்கள் இவை என்பது தமிழாசிரியர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அயோமியின் கித்தாரில் பெரும்பகுதி இவ்விரண்டையும் சேர்த்து ஒருங்கே மீட்டுவதுதான். மேல்நாட்டார் வழக்கமாக மூன்று சுரங்களைச் சேர்த்து மீட்டுவர். நடுவிலே ஒரு காந்தாரமும் இருக்கும். அயோமி அந்தக் காந்தாரத்தை விட்டுவிட்டார். இரண்டே சுரம் என்றால் இரண்டே விரல் போதும் என்பது ஒரு வசதி. ஆனால் அதனினும் பெரிய காரணம் ஒலிபெருக்கியில் இருக்கிறது.

மின் கித்தாரின் ஒலிபெருக்கியை அதன் அளவுக்கு மீறி முடுக்கினால் ஒலி கரகரத்து உடையும். இவ்வுடைப்பில் இரண்டு சுரங்கள் ஒன்றாய்ச் சென்றால், அவற்றின் அதிர்வெண்களின் வேற்றுமைக்குச் சமமான மூன்றாவது ஒலியொன்று தானாகவே பிறக்கும். சட்சத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள விகிதம் இரண்டுக்கு மூன்று. மூன்றில் இரண்டு போக ஒன்று. இரண்டுக்கு ஒன்று என்பது கீழ்ச் சட்சம். அதாவது, கித்தார் வாசிப்பவர் மீட்டாத கீழ்நிலைச் சட்சம் ஒன்று ஒலிபெருக்கியில் உருவாகி அடியிலே முழங்குகிறது. காந்தாரத்தையும் சேர்த்தால் பற்பல வேற்றுமை ஒலிகள் பிறந்து ஒன்றோடொன்று மோதிக் கலங்கிவிடும். இரண்டே சுரமாயிருப்பதால்தான் அத்தனை உடைப்பிலும் சுருதி தெளிவாய் நிற்கிறது. பஞ்சமமும் சட்சமும் மட்டும் ஒலிக்கும் தம்புராவின்முன் அமர்ந்து பழகியவர்களுக்கு இந்த இணையின் உறுதி புதிதன்று. உடைந்த ஒலிக்கு நடுவிலும் அதே உறுதி நிற்பதைக் கேட்கும்போதுதான் வியப்பு. அயோமிக்கு அக்காலத்தில் உதவிய லேனி ஒலிபெருக்கிகளும் 1967-இல் அதே பர்மிங்ஹாமில் தொடங்கிய தொழிலின் பொருள்களே.

இரண்டாவது செய்தி இன்னும் சுவையானது. குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதற்பாட்டில் மழையும் இடியும் மணியோசையும் முதலில் கேட்கும். பிறகு அயோமி மூன்றே சுரங்களை மிக மெதுவாக வாசிப்பார். முதலில் ஒரு சுரம். அடுத்து அதன் மேல்நிலை. மூன்றாவதாக, இரண்டுக்கும் சரியான நடுவே நிற்கும் சுரம், சற்றே நடுங்கியபடி. முதற்சுரத்தைச் சட்சம் என்று கொண்டால், சட்சம், மேற்சட்சம், பிரதி மத்திமம். பன்னிரண்டு சுரத்தானங்களில் ஆறாம் படி அது. பட்லர் ஆங்கில இசையாசிரியர் ஹோல்ஸ்ட் இயற்றிய ‘கோள்கள்’ என்னும் படைப்பின் செவ்வாய்ப் பகுதியைத் தம் கருவியில் வாசித்துக்கொண்டிருந்ததும், அயோமி அடுத்து இச்சுரங்களைக் கொண்டுவந்ததும் குழுவினர் சொல்லும் வரலாறு.

மேல்நாட்டில் இந்த இடைவெளிக்கு ‘இசையில் உள்ள சாத்தான்’ என்று பொருள்படும் ஓர் இலத்தீன் பெயர் உண்டு. இடைக்காலத்தில் திருச்சபை இதைத் தடைசெய்தது, இசைத்தவர்களைத் தண்டித்தது என்று கன உலோக இசையைப் பற்றி எழுதுவோர் இன்றும் எழுதுகிறார்கள். அதற்குத் தக்க சான்று இல்லை. பாடுவதற்குக் கடினமானது, இணக்கமற்றது என்று இலக்கணம் வகுத்தோர் அதைத் தவிர்க்கச் சொன்னது உண்மை. சாத்தான் என்னும் பெயர் எழுத்தில் வருவதோ 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து நூல்களில்தான்.

நம் பக்கம் பார்த்தால் இக்கூற்று இன்னும் தளர்ந்துவிடும். கருநாடக இசையின் 72 மேளகர்த்தாக்களில் சரிபாதி, 36, பிரதி மத்திம மேளங்கள். கல்யாணியில் நிற்பது இதே மத்திமம்தான். கல்யாணி கேட்டு எவரும் அஞ்சி எழுந்து ஓடியதில்லை. மங்கலத்துக்கு உரிய இராகமாகவே அதைப் போற்றுகிறோம். ஆகவே அச்சம் சுரத்தில் இல்லை. அச்சுரத்தைப் பஞ்சமத்துக்கு வழிவிடாமல் தனியே நிறுத்துவதிலும், தாழ்ந்த நிலையில், மிக மெதுவான காலத்தில், ஒவ்வொரு சுரத்துக்குப் பின்னும் வெளிவிட்டு ஒலிக்கச் செய்வதிலுமே அச்சம் இருக்கிறது. ஒரே சொல்லைத் தாலாட்டிலும் சொல்லலாம், ஒப்பாரியிலும் சொல்லலாம்.

அச்சுறுத்துவதுதான் அவர்கள் நோக்கமா என்றால், ஆம், அதுவே நோக்கம். அவர்கள் பயிற்சி செய்த இடத்துக்கு எதிரே ஒரு படக்கொட்டகை இருந்தது. பேய்ப் படம் ஓடும்போதெல்லாம் மக்கள் வரிசையில் நிற்பார்கள். காசு கொடுத்துப் பயப்பட வருகிறார்களே, பயமூட்டும் இசைக்கும் வருவார்கள் என்று எண்ணினர். ‘பிளாக் சபாத்’ என்பதும் 1963-இல் வந்த ஒரு பேய்ப் படத்தின் ஆங்கிலப் பெயரே. அதற்குமுன் அவர்கள் ‘எர்த்’ என்ற பெயரில் புளூஸ் வாசித்த சாதாரணக் குழு. 1968 டிசம்பரில் அயோமி சிறிது காலம் ‘ஜெத்ரோ டல்’ என்னும் புகழ்பெற்ற குழுவில் சேர்ந்து, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் எடுத்த படத்திலும் தோன்றினார். அங்கே நிலைத்திருந்தால் வாழ்க்கை எளிதாயிருக்கும். அவரோ திரும்பிவிட்டார். ஆயினும் அங்கே தாம் கண்ட ஒழுங்கைக் கொண்டுவந்தார்: காலையில் குறித்த நேரத்துக்கு வந்து பயிற்சி தொடங்கவேண்டும் என்றார். தொழிற்கூடத்தைவிட்டு ஓடிவந்த நால்வரும் தொழிற்கூட நேரத்தையே கடைப்பிடித்தனர் என்பது நகைப்புக்குரியதே.

முதல் இசைத்தட்டை 1969 அக்டோபரில் இலண்டனில் ஒரே நாளில் ஒலிப்பதிவு செய்தனர். மேடையில் வாசிப்பதுபோல் வாசித்து முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டனர். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமையன்று அது வெளிவந்தது. திறனாய்வாளர்கள் எள்ளினர், மக்கள் வாங்கினர். இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் எட்டாம் இடம் பெற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் ‘பாரனாய்ட்’ என்னும் இரண்டாம் தட்டு வந்து முதலிடம் பிடித்தது. அதன் தலைப்புப் பாட்டு, தட்டில் கொஞ்சம் இடம் மிஞ்சியதால் அவசரமாய்ச் செய்யப்பட்டது. அதுவே அவர்களின் மிகப் புகழ்பெற்ற பாட்டாயிற்று.

பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொல் எழுதியவர் பட்லர். சாத்தானை வணங்குவோர் என்ற பழி குழுவின்மேல் நெடுங்காலம் இருந்தது. பட்லரோ கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். நால்வரும் அணிந்த சிலுவைகளைத் தம் தொழிற்கூடத்தில் உலோகத்தில் செய்துகொடுத்தவர் ஓஸியின் தந்தையே. ‘வார் பிக்ஸ்’ என்னும் பாட்டு வியட்னாம் போர் நடந்த காலத்தில், போரைத் தொடங்கிவைத்துவிட்டு ஏழைகளின் பிள்ளைகளைச் சாக அனுப்பும் அதிகாரிகளைச் சாடுவது. மென்மையான இசையில் அன்பு பாடிய அக்காலத்து இளைஞர்களிடையே, பர்மிங்ஹாம்காரர்கள் தாம் கண்ட உலகத்தைக் கடுமையான இசையில் பாடினர்.

அதன்பின் வந்த ஆண்டுகளை விரைந்து கடக்கலாம். புகழ், பணம், போதைப் பொருள், வழக்கு, பிரிவு எல்லாம் வந்தன. 1979-இல் ஓஸி நீக்கப்பட்டுத் தனியே பாடிப் பெரும்புகழ் பெற்றார். ரானி ஜேம்ஸ் டியோ என்னும் அமெரிக்கர் அவ்விடத்துக்கு வந்தார். 1980-இல் வெளிவந்த ‘ஹெவன் அண்ட் ஹெல்’ குழுவுக்கு மறுவாழ்வு தந்தது. பிறகு பாடகர்களும் மற்றவர்களும் வந்து வந்து போயினர். தொடக்கமுதல் இறுதிவரை ஒருநாளும் விலகாமல் நின்றவர் அயோமி ஒருவரே. 1997-இல் பழைய நால்வரும் சொந்த நகரிலேயே மீண்டும் கூடினர்.

2012-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அயோமிக்கு நிணநீர்ப் புற்றுநோய் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. புதிய இசைத்தட்டுக்கு வேலை தொடங்கியிருந்த நேரம் அது. சிகிச்சைக்கு நடுவே வேலையைத் தொடர்ந்தார். பயணத் திட்டங்களே அவருடைய சிகிச்சை நாட்களையொட்டி வகுக்கப்பட்டன. 2013 ஜூனில் ‘13’ என்னும் அத்தட்டு வெளிவந்து இங்கிலாந்தில் முதலிடம் பெற்றது. இடையில் கழிந்தவை ஏறத்தாழ 43 ஆண்டுகள். பில் வார்டு மட்டும் ஒப்பந்த வேற்றுமையால் அதில் சேரவில்லை. 2017 பிப்ரவரி 4-ஆம் நாள் பர்மிங்ஹாமில் பிரிவு நிகழ்ச்சியும் நடந்தது. அதிலும் வார்டு இல்லை. எல்லாம் முடிந்ததென்றே எண்ணினர். ஆனால் மூவராய் முடித்தது பலருக்கு நெஞ்சில் உறுத்தியது.

நகரம் இதற்கிடையே தன் பிள்ளைகளை மெல்ல ஏற்றுக்கொண்டது. 2019-இல் ஒரு கால்வாய்ப் பாலத்துக்கு அவர்கள் பெயர் சூட்டி, நால்வரின் முகங்களும் பொறித்த இருக்கையொன்றை அதன்மேல் வைத்தனர். 2022-இல் பொதுநல நாடுகளின் விளையாட்டு விழா நிறைவில் அயோமியும் ஓஸியும் திடீரென மேடையேறினர். 2023-இல் பர்மிங்ஹாம் அரச நடனக் குழுவினர் இவர்களின் இசையைப் பாலே நடனமாகவே ஆடினர்.

ஓஸிக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது 2020-இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. முதுகுத்தண்டுக் கோளாறும் சேர்ந்து அவரால் நடமாட இயலாமற் போயிற்று. 2025 பிப்ரவரியில் இறுதி நிகழ்ச்சி அறிவிக்கப்பட்டபோது, நுழைவுச் சீட்டுகள் சில நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தன. வருவாய் பார்க்கின்சன் நோய் ஆராய்ச்சிக்கும், பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனைக்கும், நோயுற்ற குழந்தைகளின் இல்லம் ஒன்றுக்கும் என்றனர். தேர்ந்த இடம் வில்லா பார்க். நால்வரும் வளர்ந்த ஆஸ்டன் தெருக்களுக்கு நடுவே உள்ள திடல். பில் வார்டும் வருவதாக அறிவிப்பிலே இருந்தது. நால்வரும் சேர்ந்து வாசித்து அப்போது 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. நிகழ்ச்சிக்குச் சில நாள் முன், நகராண்மைக் கழகம் நால்வருக்கும் நகரின் உயரிய மரியாதையான நகர உரிமையை வழங்கியது.

அன்று மெட்டாலிகா, கன்ஸ் அண்ட் ரோசஸ், ஸ்லேயர் முதலிய குழுக்கள் தம் பாட்டுகளோடு பிளாக் சபாத் பாட்டுகளையும் வாசித்தன. இவர்களெல்லாம் தனித்தனியே திடல்களை நிரப்பக்கூடியவர்கள். அன்று மாணவர்களைப்போல் வந்து நின்றனர். ஓஸி முதலில் தம் தனிப்பாட்டுகள் ஐந்தைப் பாடினார். கரிய ஆசனத்தில் அமர்ந்தபடி, சில இடங்களில் குரல் தழுதழுக்க. பிறகு நால்வரும் ‘வார் பிக்ஸ்’, ‘என்.ஐ.பி.’, ‘அயர்ன் மேன்’, ‘பாரனாய்ட்’ என்னும் நான்கையும் வாசித்தனர். எல்லாம் 1970-ஆம் ஆண்டின் பாட்டுகள். வார்டு பாதியில் சட்டையைக் கழற்றிவிட்டுத் தாளம் வாசித்தார். ஓஸியின் குரல் தளர்ந்த இடங்களில் கூட்டம் பாடியது. அயோமி தம் வழக்கப்படி அதிகம் அசையாமல் நின்றார். பாட்டுகளின் அடித்தளம் அவர் கையில் இருந்தது, அது ஆடவில்லை.

பதினேழு நாள் கழித்து, ஜூலை 22-ஆம் நாள், ஓஸி ஓஸ்போர்ன் தம் 76-ஆம் வயதில் காலமானார். ஜூலை 30-ஆம் நாள் அவருடைய சவ ஊர்தி பர்மிங்ஹாம் நகரின் பிராட் தெரு வழியே வந்து, பிளாக் சபாத் பாலத்தருகே நின்றது. தெருவின் இருபுறமும் மக்கள் திரண்டிருந்தனர். நகரின் பித்தளை வாத்தியக் குழு ஒன்று முன்னே சென்றது. அக்குழு வாசித்தது, இருக்கையில் பொறித்த அந்த நால்வரின் பாட்டுகளை.